நாற்பத்தேழாம் கேள்விக்கு விடை (ஈ)

இந்த நாட்டின் மக்களவையில் துணை சபாநாயகர் பதவி ஆறு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. ஐந்நூற்று நாற்பத்து மூன்று பேர் கூடுகிறார்கள், கத்துகிறார்கள், வெளிநடப்பு செய்கிறார்கள், கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். தங்களில் ஒருவரை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, சபாநாயகரையும் துணை சபாநாயகரையும் 'கூடிய விரைவில்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று அதில் இல்லை. எழுதியவர்கள் பெரிய மனிதர்கள். பின்னால் வருகிறவர்களுக்கும் கொஞ்சம் வெட்கம் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

இதை நான் வகுப்பில் இதே கோபத்தோடு சொல்வேன். என் பெயர் சிம்ரன். நான் பிறந்த வருடத்தில் அம்மா பார்த்த சினிமாக்களின் புண்ணியம். ஐயம்பேட்டை காலனியிலிருந்து கிளம்பி அரசியல் அறிவியலில் எம்.ஏ. வரை படித்து, நான்கு முறை குரூப் தேர்வு எழுதி, நான்கு முறையும் ஓரிரு மதிப்பெண்ணில் வெளியே நின்றவள். அப்படி நின்றவர்களுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அடுத்தவர்களை அதே தேர்வுக்குத் தயார் செய்வது. பெரிய காஞ்சிபுரத்தில் கோதண்டம் ஐ.ஏ.எஸ். அகாடமியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு அரசியலமைப்பு நடத்திக்கொண்டிருந்தேன்.

கீழே பட்டுப்புடவைக் கடை, மேலே அகாடமி. இரண்டையும் நடத்துபவர் கோதண்டபாணி. மாடியும் ஒரு காலத்தில் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கான தளம்தான். வியாபாரம் குறைந்ததும் வெள்ளை விரிப்பு மெத்தைகளைச் சுருட்டிவிட்டு பெஞ்சு போட்டார். சுவர் முழுக்க இருந்த கண்ணாடிகளைக் கழற்ற மனம் வரவில்லை. அதனால் எங்கள் மாணவர்கள் தாங்கள் கொட்டாவி விடுவதைத் தாங்களே பார்த்தபடி படிப்பார்கள். அகாடமியிலிருந்து இதுவரை ஒரு ஐ.ஏ.எஸ்.ஸும் வரவில்லை. இரண்டு கிராம நிர்வாக அலுவலர்கள், ஒரு போலீஸ்காரர், அவ்வளவுதான். ஆனால் உள்ளே வந்தவர் எதையாவது வாங்காமல் படியிறங்கக் கூடாது என்பது கோதண்டபாணியின் கொள்கை. அது புடவைக்கும் பொருந்தும், படிப்புக்கும் பொருந்தும்.

சபாநாயகர் தேர்தல் பாடத்தை நடத்தும் நாளில் என் வகுப்பு களைகட்டும். புதிதாகத் தேர்வானவரை ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கொரு பக்கம் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். அங்கே ஒரு காலத்தில் ராஜாவுக்குப் பிடிக்காததைச் சொன்ன சபாநாயகர்களின் தலை போனது. அதனால் ஒருத்தரும் வர மாட்டேன் என்று முரண்டு பிடிக்க, இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. நம் ஆட்கள் இழுப்பதற்கு முன்பே பாதி வழி போய்விடுகிறார்கள் என்று நான் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சபாநாயகருக்கு ஓட்டு கிடையாது, இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் மட்டும்தான் அவர் ஓட்டுப் போடலாம், அப்போதும் இருப்பதை இருக்கிறபடியே விடும் பக்கம்தான் போட வேண்டும் என்பது மரபு, இதையும் சொல்வேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். சபாநாயகர் ராஜினாமா கடிதத்தைத் துணை சபாநாயகரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். துணை சபாநாயகரே இல்லாத அவையில் அவர் யாரிடம் கொடுப்பார்?

இந்த வருடம் அதைக் கேட்டதும் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தவள் நதியா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் அப்பா யேசுதாஸ் அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என்னை ஏற்றினால் காசு வாங்க மாட்டார், டீச்சராம். நதியாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி ஒரே ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக வகுப்புக்கு வருவாள். தூங்கி விழாமல் இருக்க நோட்டின் ஓரத்தில் எதையாவது கிறுக்கிக்கொண்டே கேட்பாள்.

ஏப்ரலில் அகாடமி ஒரு தேர்வு வைத்தது. முதல் இடம் பிடிப்பவருக்குச் சென்னையில் ஒரு வருடம் விடுதி, சாப்பாடு, நூலகம், வகுப்பு எல்லாம் இலவசம். இருப்பது ஒரே ஒரு இடம். மே மாதக் கடைசியில் நதியாவின் ஒப்பந்தம் முடிகிறது. அந்த இடம் கிடைத்தால் அவள் ஒரு வருடம் உட்கார்ந்து படிக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே திருகாணி. அவளுடைய தேவை முழுவதும் அவ்வளவுதான், உட்கார்ந்து படிக்க ஒரு வருடம்.

முடிவு வந்தது. லக்ஷணா தொண்ணூற்று மூன்று. நதியா தொண்ணூற்று இரண்டு. லக்ஷணா, கோதண்டபாணி வாடகைக்கு எடுத்திருக்கும் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரருடைய பேத்தி. கெட்ட பெண் இல்லை, நன்றாகவே படிப்பாள். மறுநாளே அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் பட்டுக்கடை வாசலில் தொங்கியது. கடைப் பொம்மைகளுக்கும் அவளுக்கும் நடுவே கோதண்டபாணி கைகூப்பி நின்றார்.

நதியா கேள்வித்தாளோடு என்னிடம் வந்தாள். நாற்பத்தேழாவது கேள்வி. தற்போதைய மக்களவைத் துணை சபாநாயகர் யார்? மூன்று விடைகள் மூன்று பெயர்கள். (ஈ) இவர்களில் எவருமில்லை. அகாடமியின் விடைக்குறிப்பில் (ஆ) என்று இருந்தது.

"நீங்க கிளாஸ்ல சொன்னத வெச்சித்தான்கா (ஈ) போட்டேன்," என்றாள். "அது தப்புன்னு மார்க்கு போட்டுக்கீறாங்க."

அந்த ஒரு விடை திருத்தப்பட்டால் அவளுக்கு ஒரு மதிப்பெண் கூடும், (ஆ) என்று எழுதிய லக்ஷணாவுக்கு ஒன்று குறையும். இடம் மாறிவிடும்.

(ஆ)வில் இருந்த பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியாக அந்தப் பதவியில் இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர். அவர் பதவிக்காலம் 2019இலேயே முடிந்துவிட்டது. ஆனால் நம் ஊர்க்காரர் ஒருவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், அவர் எழுந்து போன பிறகும் நம் ஆட்களின் மனதில் அவர் அங்கேயேதான் இருப்பார். டெல்லிக்காரர்களாவது காலி என்று தெரிந்துகொண்டு காலியாக விட்டார்கள். நாங்கள் காலி என்றே அறியாமல் மார்க்கு போடுகிறோம்.

வினாத்தாள் தயாரித்தவர் ஸௌந்தரராஜன். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அகாடமி கட்டாயமாக விற்கும் பொது அறிவு வழிகாட்டியின் ஆசிரியர். கஞ்சி போட்ட வேட்டியும் கைக்கடிகாரமுமாக வந்து, பாடம் நடத்தாமல் தன் புத்தகத்தைத் தானே வாசித்துவிட்டுப் போவார். என்னிடம் இருந்த வினாத்தாளில் கேள்வியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதைத்தான் போட்டிருக்கிறேன் என்றார். புத்தகம் எப்போது அச்சானது என்று கேட்டேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழம் தன் தப்பைத் தானே சாப்பிட்டு ஏப்பம் விடப் போகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கோதண்டபாணி கல்லாவில் இருந்தார். நதியாவே பேசினாள். மக்களவையின் இணையப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, துணை சபாநாயகர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் காட்டினாள். அவர் பட்டுப்புடவையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதைப் போலக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது, விடைக்குறிப்பை ஆராய ஒரு குழு போடுவோம், குழுவுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் அவர் முடிவு சொல்வார் என்றார்.

"எப்ப சார் தேர்ந்தெடுப்பீங்க?" என்று நதியா கேட்டாள்.

"கூடிய விரைவில்மா," என்றார்.

அவர் என் வகுப்பைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருடமாக டெல்லியில் நடப்பதை ஒரு பட்டுக்கடைக்காரர் ஒரே வகுப்பில் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு காரியம் நடக்கக் கூடாது என்றால் அதை மறுக்க வேண்டாம். அதைச் செய்ய வேண்டியவரை நியமிக்காமல் இருந்தால் போதும். மறுத்தால் கேள்வி வரும், காலி நாற்காலியை யார் போய்க் கேட்பது?

மூன்று வாரம் போனது. நதியா தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வருவாள். தலைவர் போட்டாச்சா என்று கேட்பாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார். இதற்கிடையில் லக்ஷணா சென்னை விடுதிக்குப் போய்விட்டாள். கேட்டதற்கு, அது தற்காலிகமாகத்தான் என்றார் கோதண்டபாணி. புது மக்களவையில் எல்லோருக்கும் பதவிப் பிரமாணம் செய்து வைக்கத் தற்காலிக சபாநாயகர் ஒருவர் இருப்பார் என்பதும் நான் நடத்திய பாடம்தான். எனக்கு அந்த மனிதர் மேல் அருவருப்பாக இருந்தது. அதை நான் எல்லோரிடமும் சொன்னேன், அவரைத் தவிர.

மே இருபத்தெட்டாம் தேதி நதியா கேள்வித்தாளையும் மக்களவைப் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அகாடமியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். நானூறு பேர் உள்ள குழு. ஒருவன் சிரிக்கும் பொம்மை போட்டான். இன்னொருவன், நாங்கள் வாங்கிய வழிகாட்டியில் இன்னும் எத்தனை தப்பு என்று கேட்டான். அடுத்த வகுப்புக்குச் சேர்க்கை நடக்கும் சமயம் அது. மறுநாள் காலையில் கோதண்டபாணி என்னைக் கூப்பிட்டார்.

"சிம்ரன்மா, குழு போட்டாச்சு," என்றார். "நானு, ஸௌந்தரராஜன் சாரு, நீ. நீதான் தலைவர்."

கூடவே, ஜூன் முதல் நான் அரசியலமைப்புத் துறைத் தலைவராம், மாதச் சம்பளமாம், ஃப்ளெக்ஸில் என் படமும் உண்டாம். ஐயம்பேட்டை காலனிப் பெண் ஒருத்தி தலைவராக இருந்து விசாரித்தால் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது பார் என்று அவரே சொன்னார். அதைச் சொல்ல வேண்டியதில்லை என்ற நாகரிகம்கூட அவருக்கு இல்லை.

நான் யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஸௌந்தரராஜன் தன் புத்தகத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். கோதண்டபாணி கட்டடக்காரரை விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டு ஓட்டும் ஒரே பக்கம். சபாநாயகரைப் போலவே தலைவருக்கு ஓட்டு கிடையாது. நதியா எப்படியும் தோற்பாள், ஆனால் என்னால் தோற்றாள் என்று ஆகாது. நான் உள்ளே இருந்தால் அடுத்த வருடமாவது நியாயம் நடக்கும் என்றும் ஒன்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்காலி ஏறுகிற அத்தனை பேரும் சொல்லிக்கொள்வது அதுதான், எனக்குத் தெரியும்.

முப்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு மாடியில் கூடினோம். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் மேசையும் கடையிலிருந்து ஏற்றிய உயர்ந்த நாற்காலியும் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை உட்கார வைக்கும் நாற்காலி அது. நதியா விடுப்புப் போட்டுவிட்டு வந்து, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. நாற்காலியில் உட்காரப் போவது நான் என்பதால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

கோதண்டபாணிக்கு அன்று குஷி. என் வலது பக்கம் வந்து நின்று, ஸௌந்தரராஜனை இடது பக்கம் வரச் சொன்னார்.

"இப்டித்தானே சபாநாயகர இஸ்துக்கினு போவாங்க?" என்று சிரித்தார்.

ஸௌந்தரராஜன் அசையாமல் நின்றார். கோதண்டபாணி என் முழங்கைக்குக் கையை நீட்டினார். அந்தக் கை என்மேல் படுவதற்கு முன்பே நான் நாற்காலியை அடைந்துவிட்டேன். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

தீர்மானத்தை நானே படித்தேன். நாற்பத்தேழாம் கேள்விக்கு விடை (ஆ) என்பதை (ஈ) என்று மாற்ற வேண்டும். ஆதரிப்பவர் யார், எதிர்ப்பவர் யார்?

கோதண்டபாணி எதிர்ப்பு என்றார். முடிவை அறிவித்த பிறகு மாற்றினால் அகாடமியின் பெயர் கெடும், ஒரு பெண்ணை விடுதியிலிருந்து திரும்பக் கூப்பிடுவது பாவம் என்று நீட்டினார். அடுத்து ஸௌந்தரராஜனைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மூன்று வாரமாக மடித்து மடித்து அது துவண்டு போயிருந்தது.

"தப்பு என்னுது," என்றார். "ரெண்டாயிரத்துப் பதினாறுல எழுதின புஸ்தகம். அப்புறம் அந்தப் பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. இந்தக் குழந்தை எழுதினதுதான் சரி. மாத்துங்கோ, நான் ஆதரிக்கறேன்."

நான் ஒன்றரை வருடமாக எள்ளி நகையாடிய மனிதர் அவர். நானூறு பேருக்குத் தெரியப் போகிறது என்று அறிந்தே தன் தலையில் தானே குட்டிக்கொள்கிற துணிச்சல் அந்தக் கஞ்சி போட்ட வேட்டிக்குள் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என் கணக்கைக் கெடுத்துவிட்டார்.

ஒன்றுக்கு ஒன்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நதியா பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

கோதண்டபாணி குரலை உயர்த்தவே இல்லை. "சமமா வுழுந்தா இருக்கறத இருக்கறபடியே வுடணும்னு நீதானேமா சொல்லிக் குடுத்துக்கினு இருக்கற," என்றார். "நாங்க ஒன்னியும் புச்சா கேக்கல."

அது மரபுதான், சட்டம் இல்லை. தப்பான விடையைக் காப்பாற்ற ஏற்பட்ட மரபும் இல்லை. உண்மை எது என்று தெரிந்த இடத்தில் ஓட்டே தேவையில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவள் நான், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாயைத் திறந்தேன். அடுத்த வாரம் வாசலில் ஏறப் போகும் என் படம் கண்ணுக்குள் நின்றது. அம்மா அதைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் வருவாள்.

"மரபுப்படி, இருப்பது இருக்கிறபடியே நீடிக்கிறது," என்றேன். செந்தமிழில் சொன்னேன். அசிங்கத்தைச் செந்தமிழில் சொல்லிவிட்டால் அது தீர்ப்பாகிவிடுகிறது.

ஸௌந்தரராஜன் எழுந்து, யாரையும் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கோதண்டபாணி காபி சொல்லிவிட்டு வருகிறேன் என்று கீழே போனார். நதியா பெஞ்சில் இருந்த கேள்வித்தாளை எடுத்து மடித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுதால் தேற்றியிருப்பேன். அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அக்கா, அன்னிக்கி கிளாஸ்ல ஒன்னு கேட்டீங்களே," என்றாள். "சபாநாயகரு ராஜினாமா பண்ணணும்னா லெட்டர யார்கிட்ட குடுப்பாருன்னு. நீங்க யார்கிட்டக்கா குடுப்பீங்க?"

அவள் கத்தவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமானது. டெல்லிக்காரர்களைப் பற்றியும் கோதண்டபாணியைப் பற்றியும் பேசும்போது நான் பேசுகிற குரல் அது. அது தன் மேல் விழும்போது எப்படி இருக்கும் என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.

நதியா மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று தெருவில் சொன்னார்கள். வகுப்புக்கு வருவதில்லை. யேசுதாஸ் அண்ணன் இப்போதும் என்னைக் கண்டால் ஆட்டோவை நிறுத்துகிறார். பஸ்ஸில் வருகிறேன் என்று கையை ஆட்டிவிடுகிறேன். அவர் ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறார், கேட்டால் தேவலை. ஸௌந்தரராஜன் கடைசியாக ஒரு நாள் வந்தார். அலமாரியில் விற்காமல் இருந்த தன் வழிகாட்டிகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு முழுப் பகல் உட்கார்ந்து, அந்த ஒரு வரியின் மேல் 'காலி' என்று எழுதிய சின்னச் சின்னக் காகிதங்களைப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். புத்தகம் அழுக்காகிவிட்டது என்று கோதண்டபாணி சலித்துக்கொண்டார்.

துறைத் தலைவராக என் படம் வாசலில் தொங்குகிறது. போன வாரம் 93ஆம் பிரிவு நடத்தினேன். இழுத்துக்கொண்டு போகும் கதையைச் சொன்னதும் பிள்ளைகள் எப்போதும் போலச் சிரித்தார்கள். ராஜினாமா கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

என் ராஜினாமா கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். பையிலேயே வைத்திருக்கிறேன். நல்ல கடிதம், யாரையும் விட்டுவைக்கவில்லை, என்னையும்தான். தேதி மட்டும் போட வேண்டும். கூடிய விரைவில் கொடுத்துவிடுவேன்.